சம்பளத்தை யோசிக்க ஏற்காடு போனேன்

இரண்டு வருடமாக வாரத்தில் மூன்று நாளாவது ஏற்காட்டைப் பார்த்துவிடுகிறேன். ஒரு நாள்கூடப் போனதில்லை. சென்னையிலிருந்து எழுபது பேரை ஏற்றிக்கொண்டு சேலத்தில் இறங்கப்போகும் நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே சேர்வராயன் மலை வரும், நடுவில் ஏரி தெரியும். பக்கத்து இருக்கைத் துணை விமானியிடம், "ஒரு நாள் போகணும்ப்பா" என்பேன். அவர் சக்கரத்தை இறக்குவார். பேச்சு அதோடு முடியும்.

நான் ஓட்டுவது இறக்கையில் விசிறி வைத்த சின்ன விமானம். ஏறும்போதே சில பேர் விசிறியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். "இது போய்ச் சேர்ந்துடும்ல சார்?" என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். எங்கள் அபார்ட்மெண்டில் இரண்டாவது மாடி மாமா, லிஃப்டில் எப்போது மாட்டினாலும், "எப்பப்பா பெரிய பிளேனுக்குப் புரமோஷன்?" என்பார். நானும் பல்லைக் காட்டிவிட்டு வருவேன். கேப்டன் என்று பெயர். நாற்பத்திரண்டு வயது. லிஃப்டில் மட்டும் எனக்கு மரியாதை கிடைத்ததே இல்லை.

அந்தப் பெரிய விமானம் வந்தேவிட்டது. வளைகுடா நாட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து கடிதம். இப்போது வாங்குகிற சம்பளத்தைப்போல மூன்று மடங்கு, நான்கு வருட ஒப்பந்தம். சுமதியும் யாழினியும் சென்னையிலேயே இருப்பது, நான் மாதம் ஒருமுறை வந்துபோவது என்று நானே மனதுக்குள் ஏற்பாடும் செய்துவிட்டேன். சுமதி என் மனைவி, வங்கியில் வேலை பார்க்கிறாள். யாழினி மகள், நான்காம் வகுப்பு. கடிதம் வந்தது இருவருக்கும் தெரியும், இந்த ஏற்பாட்டைப் பற்றி மட்டும் நான் இன்னும் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் வருகிறேன், வரவில்லை என்று பதில் போட வேண்டும்.

பத்து நாளாக ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சுமதி பொறுத்துப் பார்த்தாள். "டைல்ஸ் தேஞ்சுடப்போகுது ரகு. மூணு நாள் லீவுதானே, எங்கயாவது மேல போய் உட்கார்ந்து யோசி. பாப்பாவுக்குப் பரீட்சை, நாங்க வரல. உன் முடிவு தெரிஞ்சாத்தான் எனக்கும் ஒரு வேலை நடக்கும்" என்றாள். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அப்போது என் மண்டைக்குள் மூன்று மடங்கு மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அடிவாரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தட்டுவடை செட் ஒன்று வாங்கினேன். இரண்டு சின்னத் தட்டைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச்சட்னி. சென்னையில் சாட் கடை என்ற பெயரில் கொட்டித் தருகிறார்களே, அந்த ஈரக் குப்பையெல்லாம் இதன் கால்தூசி பெறாது. ஒரு செட் போதவில்லை, இரண்டாவதும் வாங்கினேன். அங்கேதான் தப்பு நடந்தது.

மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை வைத்திருக்கிறார்கள். ஐந்தாவது வளைவில் எனக்குக் கொட்டாவி வந்தது. எட்டாவதில் நாக்கடியில் தண்ணீர் ஊறியது. இடி மின்னல் மேகத்தில் விமானம் பத்துப் பதினைந்து நிமிடம் குலுங்கியபோதெல்லாம் மைக்கில், "கவலைப்படாமல் அமர்ந்திருங்கள்" என்று கம்பீரமாகச் சொன்ன வாயா இது என்று நினைத்துக்கொண்டேன். பதினோராவது வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். இரண்டு செட்டும் போயின. பின் சீட்டிலிருந்த அம்மா ஒருத்தி முதுகைத் தட்டி, ஆரஞ்சுத் தோலைக் கையில் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னாள். நடத்துநர் பிளாஸ்டிக் பை கொடுத்துவிட்டு, "அடுத்த தடவை இதுல சார்" என்றார். அடுத்த தடவை பதினேழாவது வளைவில் வந்தது.

ஏற்காட்டில் எல்லோரும் இறங்கிய பிறகும் நான் சீட்டிலேயே இருந்தேன். டிரைவர் எழுந்து வந்தார். என் வயதுதான் இருக்கும், முன்வழுக்கை, காதில் மப்ளர். பெயர் தங்கராசு என்று பிறகு தெரிந்தது.

"ஏனுங்க சார், மலை வண்டி புதுசுங்களா?"

"ஆமாங்க."

"வயித்தக் காலியா வெச்சுட்டு ஏறோணுமுங்க. நீங்க ரெண்டு செட்டு சாப்பிட்டத நானே கண்ணாடியில பாத்தனுங்க. அப்பவே நெனச்சேன்." தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "எங்கீங்க வேலை?"

விமானி என்று சொல்ல நாக்கு வரவில்லை. "ஏர்போர்ட்ல" என்றேன்.

"பெட்டி தூக்கிப் போடறதுங்களா?"

"அந்த மாதிரிதாங்க."

"நல்ல வேலைதானுங்க" என்று ஆறுதல் சொன்னார். "எனக்கு இருவது வருசத்துல ஒரு நாளும் வாந்தி வந்ததில்லீங்க. ஓட்டறவனுக்கு எப்படி வரும்? எங்க வளையும், எங்க குலுங்கும்னு அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருதில்லீங்களா. பின்னால உக்காந்திருக்கறவங்க பாடுதான் கஷ்டம்."

ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை. மதியம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. மேலேயிருந்து பார்க்கும்போது இந்த மூடுபனியைத் திட்டிக்கொண்டே ஒரு சுற்று சுற்றுவேன். கீழே நின்றால் அதே பனிக்குள் மிளகாய் பஜ்ஜிக் கடை அடுப்புகள் வரிசையாக எரிகின்றன. படகுத்துறையில் புதுப்பெண்டாட்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்த பையன் ஒருவன், "அண்ணா, ஒரு போட்டோ" என்று போனைக் கொடுத்தான். பனியில் அவர்கள் தெரியவே இல்லை. "சூப்பர்ணா" என்று சந்தோஷமாக வாங்கிப் போனான்.

சாயங்காலம் அறையில் உட்கார்ந்து நோட்டை எடுத்தேன். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் 'அங்கே', வலது பக்கம் 'இங்கே'. அங்கே என்பதற்குக் கீழே: சம்பளம், பெரிய ஜெட், வரி கிடையாது, இரண்டாவது மாடி மாமா. இங்கே என்பதற்குக் கீழே: தினமும் சொந்தப் படுக்கை, வீட்டுச் சாப்பாடு, காலை மூன்றரைக்கு டூட்டி என்றாலும் சூடாக ஃபில்டர் காபி, தேய்த்து மாட்டிய யூனிஃபார்ம், பாப்பா கூடவே வளர்வது. எவ்வளவு நேர்மையாக எழுதியிருக்கிறேன் என்று எனக்கே ஒரு மெப்பு. மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். சமமாக வந்தது. சம்பளத்துக்கு ஒரு மதிப்பெண் கூட்டினேன். அப்புறம் வெட்கப்பட்டுக் காபிக்கும் ஒன்று கூட்டினேன். மறுபடியும் சமம்.

சனிக்கிழமை போனை வேண்டுமென்றே அறையில் வைத்துவிட்டுக் கரடியூருக்குப் பஸ் ஏறினேன். வயிற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. தங்கராசுதான் டிரைவர். என்னைப் பார்த்ததும் முன் சீட்டைக் காட்டினார். வழியெல்லாம் நிறுத்தினார். ஒருத்தி கோழிக்கூடையோடு ஏறினாள், ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு மருந்துச் சீட்டைக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டார். ஒரு வளைவில் யாருமே இல்லை, வண்டி நின்றது. "சரசக்கா வருவா" என்றார் நடத்துநர். நான் மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்துத் தவித்தேன். கதவைச் சாத்த இரண்டு நிமிடம் தாமதமானால் எங்கள் ஆபீசில் காரணம் கேட்டு மெயில் வரும். சரசக்கா ஆற அமர வந்து, "சுடுதண்ணி வெச்சுட்டு வர நேரமாயிருச்சு" என்று மட்டும் சொல்லி ஏறினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

கரடியூரில் இறங்கும்போது தங்கராசு, "ஒரு நடை போயிட்டு வந்து பதினொண்ணு நாப்பதுக்கு இங்கிருந்து எடுப்பனுங்க. விட்டீங்கன்னா அப்புறம் நாலு மணிக்குத்தான்" என்றார். நோட்டில் 11.40 என்று எழுதிக்கொண்டேன்.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். விமானிகள் உலகம் முழுவதும் கிரீன்விச் நேரத்தில்தான் வேலை செய்வோம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். என் கைக்கடிகாரத்திலும் அதே நேரம்தான், நான் நோட்டில் எழுதுவதும் அதே நேரம்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், மாற்றிக் கணக்குப் போடுகிற வேலையே இல்லை. பதினைந்து வருடப் பழக்கம்.

காட்சி முனையில் பாறைமேல் உட்கார்ந்தேன். கீழே சமவெளி பரந்து கிடந்தது. நோட்டைப் பார்த்தேன், 11.40. கடிகாரத்தைப் பார்த்தேன், 5.20. அடடா, ஆறு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, நிதானமாக யோசிக்கலாம் என்று காலை நீட்டிப் படுத்தேன். சூரியன் நெற்றிக்கு நேராக வந்தபோதும் எனக்கு உறைக்கவில்லை. கீழே எங்கோ பஸ் ஹாரன் கேட்டது. 'யாரோ போகிறார்கள்' என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் கழித்துத்தான் எழுந்து உட்கார்ந்தேன். நோட்டில் இருந்தது தங்கராசு சொன்ன நம்மூர் நேரம், கையில் இருந்தது கிரீன்விச். போனது என் பஸ். இந்த மூளையை நம்பித்தான் எழுபது பேர் கண்ணை மூடித் தூங்குகிறார்கள்.

நடந்தே ஏற்காடு போய்விடலாம் என்று கிளம்பினேன். சாலை சுற்றிப் போகிறதே என்று ஒரு காபி எஸ்டேட்டுக்குள் குறுக்கே இறங்கினேன். வானத்தில் எந்தத் திசையென்றாலும் சொல்லிவிடுவேன். காபிச் செடி நடுவே அரைமணி நேரத்தில் வடக்கு எது தெற்கு எது என்று தெரியாமல் நின்றேன். சிவக்கச் சிவக்கப் பழம், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, சரிவு முழுக்கப் பேச்சுக்குரல், ஆனால் ஓர் ஆளும் கண்ணில் படவில்லை.

"ஏனுங்க, யாருங்க அது? அங்க ஏன் நிக்கறீங்க?"

செடிகளை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, கழுத்தில் கயிற்றில் ஒரு விசில். பழம் பறிக்கிற இருபது பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. பஸ்ஸை விட்ட கதையைச் சொன்னேன். கடிகாரக் கதையைச் சொல்லவில்லை.

"எங்க ஊட்டுக்காரரு வண்டியத்தான் விட்டுட்டீங்களா? ஹாரன் அடிச்சிருப்பாரே."

தங்கராசுவின் மனைவி. பழனியம்மா என்று பெயர். நாலு மணி வண்டிக்கு அவளே வழி காட்டுவதாகவும், அதுவரை சாப்பாட்டு இடத்தில் உட்காரும்படியும் சொன்னாள். "இன்னேரம் சோத்துக்கு உட்டிருக்கோணும். இன்னைக்குப் பிளேனக் காணோம்" என்று வானத்தைப் பார்த்தாள்.

எனக்குப் புரியவில்லை. "பிளேனா?"

"விசில் அடிச்சா இந்தப் பக்கத்து மேட்டோட நின்னுருதுங்க. அக்கட்டால பள்ளத்துல இருக்கறவங்களுக்குக் கேக்கறதில்ல. மத்தியானப் பிளேன் சத்தம் எல்லாத்துக்கும் கேக்குதில்லீங்களா, அது தாண்டுச்சுன்னா கூடைய எறக்கிட்டு வந்துருங்கன்னு சொல்லி வெச்சிருக்கறேன். நேரத்துக்கு வந்தா நொம்ப சௌகரியமுங்க. அந்தப் பிளேன்காரன் வந்தாத்தானே."

மத்தியானத்தில் இந்த மலையைத் தாண்டுவது எங்கள் விமானம் ஒன்றுதான். சென்னையில் நெரிசல், மழை, வராத பயணியின் பெட்டியைத் தேடி இறக்குவது என்று ஒவ்வொரு தாமதத்துக்கும் என்னிடம் எழுத்துபூர்வமான காரணம் உண்டு. இருபது பெண்கள் பசியோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

"ஏர்போர்ட்ல வேலைன்னு எங்க ஊட்டுக்காரரு சொன்ன சார் நீங்கதானா?" என்று முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "வாந்தி எடுத்தவரு?"

"நான்தாங்க."

"அப்ப அந்த ஆளப் பாத்தீங்கன்னா சொல்லுங்க. கொஞ்சம் நேரத்துக்கு வரச் சொல்லுங்க. அவனுக்கென்ன, ஊட்டுல பொண்டாட்டி விடியக்காலைல எந்திரிச்சு ஆக்கிப் போட்டு அனுப்பியிருப்பா. வயிறு நெறஞ்சவனுக்கு நேரம் எங்க தெரியும்?"

"சொல்றேங்க" என்றேன்.

கடைசியில் அவளே ஒரு பெண்ணைப் பள்ளத்துக்கு அனுப்பி ஆட்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. மர நிழலில் எல்லோரும் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். பழனியம்மா தன் சட்டியிலிருந்து பாதியை மூடியில் வைத்து என் முன்னே தள்ளினாள். கொள்ளு ரசம், சோறு, முருங்கைக்கீரை. நேற்றிலிருந்து காலியாகக் கிடந்த வயிறு, வெட்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

"நல்லா இருக்குங்க. எத்தனை மணிக்கு எழுந்து சமைச்சீங்க?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். "நான் எங்கீங்க ஆக்கறது? ஏழரைக்கு நான் இங்க நிக்கோணும். அவருதான் ஆக்கறாரு. ரசத்துல இன்னைக்கு உப்பு கம்மி" என்றாள் பழனியம்மா. அந்த நேரம் பார்த்து மேலே விசிறிச் சத்தம் கேட்டது, நான் லீவு என்பதால் வேறொரு கேப்டன். யாருமே நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும், "வந்துட்டாரு தொரை" என்றாள்.

நாலு மணிக்கு அவள் வழி காட்ட, பஸ்ஸைப் பிடித்து அறைக்குத் திரும்பினேன். நோட்டைத் திறந்தேன், 'இங்கே' பக்கத்தில் 'வீட்டுச் சாப்பாடு' என்ற வரி முகத்தில் அடித்தது. மதிப்பெண்ணை மாற்றலாமா என்று பேனாவை எடுத்தேன், எவ்வளவு போடுவதென்று தெரியவில்லை. மூடிவைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. இரண்டு மெயிலை எழுதி வைத்திருந்தேன். ஒன்று 'வருகிறேன்', இன்னொன்று 'வரவில்லை'. எதை அனுப்புவது என்பது மட்டும்தான் பாக்கி, அதாவது எல்லாமே பாக்கி. மதியம் கீழே இறங்கும் வண்டியில் ஏறினேன். சுற்றுலா வண்டிகளால் அடிவாரச் சாலை அடைபட்டுவிட்டதாம், அதனால் குப்பனூர் வழி. தங்கராசு வண்டிதான். பாதி வழியில் சாலைக்குக் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது. வெட்டி அகற்ற ஆள் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். சென்னையாக இருந்தால் இதற்குள் நாலு பேர் ஹாரனை அமுக்கி, இரண்டு பேர் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இங்கே எல்லோரும் இறங்கினார்கள், ஒருத்தி பையைப் பிரித்து ஆரஞ்சு விநியோகித்தாள். மணி மூன்று. போனில் இரண்டு நாளாக இல்லாத சிக்னல் அந்த வளைவில் முழுசாக இருந்தது.

நானும் தங்கராசுவும் மதகுச் சுவரில் உட்கார்ந்தோம். பொய் சொல்லி மூன்று நாள் ஆகிவிட்டது, அவர் மனைவியின் சோறும் வயிற்றுக்குள் போய்விட்டது. "நான் பெட்டி தூக்கறவன் இல்லீங்க. அந்த மத்தியானப் பிளேனை ஓட்டறவன் நான்தான்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. "பழனியம்மாகிட்ட இத நான் சொல்லமாட்டனுங்க. நேத்து வெச்ச திட்ட நெனச்சு அவ ரெண்டு நாளைக்குத் தூங்கமாட்டா."

வளைகுடா வேலையைச் சொன்னேன். சம்பளத்தைச் சொன்னேன். அவர் விசில் அடிக்கவில்லை, வாயைப் பிளக்கவில்லை. "எனக்கும் வந்துச்சுங்க, சேலம் டு சென்னை நைட் சர்வீசு. படி அதிகம், வண்டியும் புதுசு. எனக்கு நொம்ப ஆசை."

"விட்டுட்டீங்களா?"

"அதே மாசம் அவளுக்கு மேஸ்திரி வேலை வந்துருச்சுங்க. ரெண்டு பேரும் உக்காந்து பேசினோம். சென்னை வண்டி இன்னொருக்காக் கேட்டா கெடைக்கும், அந்த வேலை போனாப் போனதுதான். அப்புறம் நான் டெப்போவுல கேட்டு, ராத்திரி எங்க ஊர்லயே நிக்கற வண்டிய வாங்கிட்டேன். காலைல எட்டரைக்குத்தான் எடுக்கோணும், அதுக்குள்ள சோறாக்கிருவேன். புள்ளைங்க ஸ்கூலுக்கு நம்ம வண்டியிலயே வந்துருங்க." கையை மோந்து பார்த்துக்கொண்டார். "வெங்காயம் உரிச்சு உரிச்சு இந்த நாத்தம் மட்டும் போவமாட்டேங்குது. பெருசா சந்தோசம்னெல்லாம் சொல்லமுடியாதுங்க. புது வண்டி எதுக்க வந்தா இன்னும் திரும்பிப் பாக்கறேன்."

ஆரஞ்சைச் சுளை சுளையாகப் பிரித்துக்கொண்டே, "உங்க ஊட்டுல அவங்க வேலைக்குப் போறாங்களா?" என்றார்.

"பேங்க்ல."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"நீங்க கேட்டீங்களா?"

நான் எழுந்து போனை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் பக்கம் போனேன்.

சுமதி எடுத்ததும், "முடிவு பண்ணியாச்சா?" என்றாள். இன்னும் இல்லை, ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன், கேள் என்று வாசித்தேன். அங்கே, இங்கே, மதிப்பெண் எல்லாம். குரல் ஏற்ற இறக்கத்தோடுதான் வாசித்தேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. வாசித்து முடித்தேன்.

"சுமதி?"

"சொந்தப் படுக்கை, வீட்டுச் சாப்பாடு, மூணரை மணிக் காபி, தேய்ச்ச யூனிஃபார்ம். இதையெல்லாம் உன் கம்பெனியா ரகு தருது?"

'இங்கே' பக்கத்தை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தேன்.

"அந்தப் பட்டியல்ல நான் எந்தப் பக்கம் இருக்கேன்?"

தேடிப் பார்த்தேன். சத்தியமாக நோட்டைப் புரட்டித் தேடினேன். இரண்டாவது மாடி மாமாவின் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை.

"உனக்கு ஒரு வேலை நடக்கணும்னு சொன்னியே, என்ன அது?" என்றேன். மூன்று நாள் தாமதம்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பிராஞ்ச் மேனேஜராகப் புரமோஷன், திருநெல்வேலிக்கு. இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்தத் தடவையும் வேண்டாம் என்றால் இனிமேல் கேட்க மாட்டார்கள்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"ரெண்டு தடவையும் சொன்னேன். ஒரு தடவை நீ தூங்கிட்டிருந்த. இன்னொரு தடவை, 'காலையில டூட்டி, அப்புறம் பேசலாம்'னு சொன்ன. நீ அங்க போனா நான் இதை விட்டுதான் ஆகணும். அதான் முதல்ல உன் முடிவைச் சொல்லுன்னு சொன்னேன்."

அழுகை வந்தது. நாலு பேர் ஆரஞ்சு தின்றுகொண்டு பார்க்கிற இடத்தில், விழுந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சினேன். ஐந்தாறு வருடமாக என் வாழ்க்கை சௌகரியமாக இருக்கிறது என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அந்தச் சௌகரியத்தை ஒருத்தி தன் சம்பள உயர்விலிருந்து கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், எனக்கு ரசீதுகூடக் காட்டாமல்.

"நீ திருநெல்வேலி போ" என்றேன்.

"உணர்ச்சிவசப்பட்டுப் பேசாத. எனக்காக விட்டேன்னு பத்து வருஷம் கழிச்சு நீ சொல்லிக்காட்டினா நான் தாங்கமாட்டேன். பாப்பாவுக்கு ஸ்கூல் மாத்த முடியாது, இங்கதான் இருக்கணும். சாயங்காலம் அவளை எங்க அக்கா பாத்துப்பா, அடுத்த தெருதானே. காலையில யாரு? நீதான் அஞ்சு மணிக்கெல்லாம் ஏர்போர்ட்ல இருக்கியே."

"நான் பாத்துக்கறேன்."

"ஸ்கூல் வேன் எத்தனை மணிக்கு வரும் ரகு?"

எனக்குத் தெரியவில்லை. நாலு வருடமாக அந்த வேன் எங்கள் வாசலில் வந்து நிற்கிறது. அவள் போனை யாழினியிடம் கொடுத்தாள்.

"ஏழு பத்துப்பா" என்றாள் யாழினி. "அம்மா ஆறேகாலுக்கு எழுப்புவாங்க. ரெண்டு தடவை எழுப்பணும். முதல் தடவை நான் எழுந்துக்க மாட்டேன்." நோட்டில் அங்கே, இங்கே என்று எழுதிய பக்கத்தின்மேலேயே குறுக்காக எழுதிக்கொண்டேன்.

மரத்தை வெட்டி இழுத்துப் போட்டார்கள். பஸ்ஸில் ஏறியதும் 'வரவில்லை' என்ற மெயிலை அனுப்பினேன். பெரிய ஜெட்டின் படம் ஒன்றைப் போனில் வைத்திருந்தேன், அதை ஒரு நிமிடம் பார்த்தேன், பிறகு அதையும் அழித்தேன். அடுத்து எங்கள் ஆபீசில் டூட்டி போடுகிற பிரிவுக்குப் போன் செய்தேன். இனி எனக்குக் காலை எட்டரைக்கு முன்னால் டூட்டி வேண்டாம் என்றேன்.

அங்கிருந்த பையன் பதறிப்போனான். "சார், காலை டூட்டியெல்லாம் விட்டா மாசத்துல பறக்கற மணி நேரம் பாதியாயிடும். அந்த அளவுக்குச் சம்பளமும் போயிடும் சார்."

"தெரியும்ப்பா." மூன்று மடங்கைத் தேடி மலை ஏறியவன், இருப்பதிலும் பாதியை விட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு சார். உடம்பு சரியில்லையா? என்ன போடட்டும்?"

"பொண்ணை ஸ்கூலுக்கு அனுப்பணும்னு போடு."

தயங்கினான். "ஏன் சார், வீட்ல மேடம் இல்லையா?"

பஸ் வளைவில் சாய்ந்தது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். "மேடம் மேனேஜராப் போறாங்கப்பா, திருநெல்வேலிக்கு" என்றேன். குரல் சத்தமாகவே வந்துவிட்டது, பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள்.